ஐம்பத்திரண்டாம் தெளிவாரம்

வியாழக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு முத்துத்துறை மனநல நீதிமன்றத்தில் குரல்களுக்கு வருகைப்பதிவு எடுப்பார்கள். ஆட்கள் வந்துவிட்டார்களா என்பதை வாசல் நிலையே எண்ணிச் சொல்லிவிடும். பெஞ்ச் கிளார்க் ஆவுடையப்பன் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் தலைக்குள்ளும் பேசும் குரல்களைப் பெயர் சொல்லி அழைப்பார். குரலுக்கு உரியவர் எழுந்து, அந்த வாரம் அது வந்ததா, என்ன சொன்னது என்று பதில் சொல்வார். மற்றவர்கள் ரேஷன் வரிசையில் நிற்கும் முகத்தோடு தங்கள் முறைக்குக் காத்திருப்பார்கள்.

“சகாயராணி. பம்ப் ரூம் குரல்?”

“வரல.”

“சிரிக்கிற ஆள்?”

“வரல.”

“மாமியார்?”

“செவ்வாக்கிழமை ஒரு தடவ வந்துச்சி. கொழம்புல உப்பு பத்தலன்னுச்சி.”

“பத்தாமத்தான் இருந்துச்சா?”

“இருந்துச்சி.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஆவுடையப்பன் சிரிக்காமல் ஒரு கட்டத்தில் குறி போட்டார்.

“தட்டான் தட்டிச்சா?”

“ரெண்டு தட்டு தட்டிச்சி. உப்பப் போட்டுட்டு வேலையப் பாத்தேன்.”

“ஐம்பத்தொண்ணாவது தெளிவாரம். உக்காருங்க.”

தட்டான் என்பது மக்கள் வைத்த பெயர். அரசாணைகளில் அது அகப்புறப் பிரிப்பான். வலது காதுக்குப் பின்னால் எலும்பில் பதிக்கப்படும் கடுகளவு கருவி. ஒரு குரல் காது வழியாக வந்ததா, மூளைக்குள்ளேயே பிறந்ததா என்பதை அது பிரித்தறியும். உள்ளே பிறந்தது என்றால் எலும்பில் இரண்டு முறை மெல்லத் தட்டும். குரலை அது அடக்காது. எந்தப் பக்கத்துக் குரல் என்று மட்டும் சொல்லும். அதோடு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் வைக்கும் மருந்துக் குப்பி. சிறைக்கும் தெருவுக்குமாக அலைந்து செத்திருக்கக்கூடிய பலரை இந்த இரண்டும் சேர்ந்து வேலைக்கும் வீட்டுக்கும் திருப்பி அனுப்பியிருந்தன. இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. கேட்டால் சகாயராணியே அப்படித்தான் சொல்வாள்.

முத்துத்துறை, தூத்துக்குடிக் கரையிலிருந்து ஒன்பது கடல்மைல் தள்ளி மிதக்கும் குடியிருப்பு. கிணறுபோல நடுவில் வெற்றிடம் விட்டு, சுற்றிலும் இருபது மாடி. நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள், குடிநீருக்கு ஒரே ஆலை. அந்த ஆலையில் சகாயராணி பதினாறு ஆண்டுகள் டெக்னீஷியனாக வேலை பார்த்தவள். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய வெள்ளியன்று, பம்ப் அறையில் கேட்ட குரல் அவளிடம், கடல்நீரிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது உப்பு இல்லை, குடியிருப்பவர்களின் ஞாபகம் என்றது. அவள் பிரதான வால்வை மூடி, அதன் சக்கரத்தைக் கழற்றிக் கடலில் எறிந்தாள். பதினோரு மணி நேரம் குடியிருப்பில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

பதினான்காம் மாடியில் சண்முகவடிவு என்ற பெண்மணி வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். இயந்திரம் பாதியில் நின்றது. படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோய்ப் பிழைக்கவைத்தார்கள். ஓராண்டு கழித்து அவர் இறந்தபோது, அந்த மரணத்துக்கும் தண்ணீர் நின்றதற்கும் தொடர்பில்லை என்று இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே எழுதிக் கொடுத்தார்கள். கணவர் பொன்னுலிங்கம் இரண்டு அறிக்கைகளையும் வாங்கிக் கோப்பில் வைத்தார். நம்பவில்லை. அவர் துறைமுகச் சுங்கத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர்.

சகாயராணியைச் சிறைக்கு அனுப்பாமல் கீழ்த்தளத்து நலமனைக்கு அனுப்பிய நீதிமன்றம், அவள் வீடு திரும்ப ஒரு நிபந்தனை விதித்திருந்தது: தொடர்ச்சியாக ஐம்பத்திரண்டு தெளிவாரங்கள். குரல் வரலாம், வந்தால் அதை அடையாளம் காண வேண்டும். ஆதாரமற்ற ஐயம் எதுவும் தலைகாட்டக் கூடாது. ஒரு வாரம் தவறினால் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஒவ்வொருவரும் தினமும் நாட்பதிவு எழுதித் தர வேண்டும்; என்ன பார்த்தார், என்ன நினைத்தார், எத்தனை மணிக்கு. அதை நீதிமன்றத்தின் ஆய்வுப்பொறி வரிவரியாகப் படித்து நூற்றுக்கு ஒரு ஐய அளவு போடும். பொறிக்குத் தெளிவி என்று பெயர்.

ஏற்கெனவே ஒருமுறை சகாயராணி நாற்பத்தோரு வாரம் வரை போயிருந்தாள். அப்போதுதான் மாதம் இருமுறை, சனி ஞாயிறுகளில் வீட்டுக்குப் போக அனுமதி கிடைத்தது. வீடு பதினான்காம் மாடியில். நடுவெற்றிடத்துக்கு நேர் எதிரே பொன்னுலிங்கத்தின் ஜன்னல். மூன்றாவது விடுப்பு முடிந்து வந்து, சிகிச்சை அளிக்கும் மருத்துவர் இளவழுதியிடம் அவள் உள்ளதைச் சொன்னாள்.

“நான் ஜன்னலத் தொறந்தா எதிர்வீட்டு அண்ணாச்சி தல குனியிது. மூடுனா நிமிருது. என்னய எழுதி வைக்காவன்னு நெனைக்கேன் டாக்டர்.”

“எழுதுறதப் பாத்தீங்களா?”

“தலையத்தான் பாத்தேன்.”

“நோட்டு?”

“ஜன்னல் திட்டுக்குக் கீழ இருக்கும்போல.”

“அதாவது, நீங்க பாக்காத நோட்டு.”

“தட்டான் தட்டலயே டாக்டர்.”

“தட்டான் குரலுக்குத்தாம்மா. நினைப்புக்கு இல்ல.”

இளவழுதி நல்ல மனிதர். களைத்துப்போனவரும்கூட, அவர் கவனிப்பில் அறுபத்தெட்டுப் பேர் இருந்தார்கள். தன்னைப் பிறர் கண்காணிப்பதாகத் தோன்றுவது அந்த நோயின் மிகப் பழைய அறிகுறி என்பதை அவர் மாணவப் பருவத்திலிருந்து அறிவார். தெளிவி எழுபத்துநான்கு போட்டது. மருந்தின் அளவு கூடியது. நாற்பத்தோரு வாரம் பூஜ்யமாயிற்று.

அதற்குப் பிறகு சகாயராணி எதிர்வீட்டைப் பற்றிப் பேசவில்லை. இருபத்தாறு விடுப்புகளின் நாட்பதிவிலும் ஜன்னலைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில் “நல்ல காற்று” என்று எழுதினாள். தலை குனிவதும் நிமிர்வதும் நிற்கவில்லை. நோயா, நிஜமா என்று யோசிப்பதை மட்டும் அவள் நிறுத்திக்கொண்டாள்.

நிறுத்தியதற்குக் காரணம் இருந்தது. மகள் ஜெனிட்டாவுக்குப் பதினான்கு வயது. இத்தனை காலம் அவளை வளர்த்தது சகாயராணியின் தங்கை ஜெசிந்தா. ஜெசிந்தாவுக்கு மஸ்கட்டிலிருக்கும் கணவனிடம் போக விசா வந்துவிட்டது. ஜூன் முதல் வாரம் புறப்பாடு. அதற்குள் சகாயராணி வீடு திரும்பாவிட்டால், ஜெனிட்டாவைப் பதினெட்டு வயது வரை கரையிலுள்ள அரசு விடுதியில் சேர்த்துவிடுவார்கள். இன்னொரு பூஜ்யத்துக்கு இடமில்லை.

“எம்மா, நாளன்னைக்கு நீ கூடக் கொறைய ஒண்ணும் பேசாத,” என்று தொலைத்திரையில் ஜெனிட்டா சொன்னாள். “அவங்க ஒரே ஒரு கேள்விதான் கேப்பாங்களாம். இல்லன்னு சொல்லிட்டு வந்துரு.”

“கேள்வி என்னன்னு தெரியாண்டாமா?”

“என்னவா இருந்தாலும் இல்லதான்.”

அன்றைக்கு மறுநாள், புதன்கிழமை, பொன்னுலிங்கம் நீதிமன்றப் பதிவகத்துக்கு வந்தார். கையில் துணிப்பை. பைக்குள் மூன்று தடித்த நோட்டுகள்.

நோயாளி வீடு திரும்புவதற்கு முன் குடியிருப்போர் சங்கம் ஆட்சேபணை தெரிவிக்கலாம் என்று சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. சங்கங்கள் கேட்டு வாங்கிய பிரிவு. பதிவகச் சுவரில் காகிதங்களை விழுங்கும் வாய்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் மேலே அது எதை வாங்கும் என்று எழுதியிருந்தது. பொன்னுலிங்கம் ஆட்சேபணை வாயில் முதல் நோட்டை வைத்தார். அது இரண்டு பக்கம் இழுத்துவிட்டு நின்றது.

“ஆட்சேபணைக்கு ரெண்டு பக்கந்தான் அண்ணாச்சி,” என்றார் ஆவுடையப்பன்.

“முந்நூத்தி நாப்பது பக்கம் இருக்கி. பதினாலு மாசம், ஒரு நா விடல.”

“சுருக்கி எழுதிட்டு வாங்களேன்.”

“சுருக்குனா நான் சொல்லுதது கதையாயிரும். ஒரு வரி விடாம யாராவது படிக்கணும்.”

“ஒரு வரி விடாம படிக்க இங்க மனுசன் கெடையாது. தெளிவிதான் படிக்கும். அதுக்கு நாட்பதிவு வாயில போடணும். ஆனா அது நோயாளிங்க போடுதது.”

“படிக்குமா, படிக்காதா?”

“படிக்கும்.”

“அப்ப அதுல போடுவோம்.”

நாட்பதிவு வாய் மூன்று கேள்விகள் கேட்டது. வழக்கு எண் என்ன? எழுதியவரின் குடிமை எண் என்ன? எழுதியவை அனைத்தும் உண்மையா? பிறர் பொய்யாக நிரப்பிய படிவங்களை முப்பத்தோரு ஆண்டுகள் பிடித்தவர், எந்தக் கட்டத்தையும் பொய்யாக நிரப்பக்கூடியவரல்லர். வழக்கு எண்ணுக்குச் சகாயராணியின் எண்ணைக் கொடுத்தார். எழுதியவர் எண்ணுக்குத் தன் எண்ணைக் கொடுத்தார். மூன்றாவதுக்கு ஆம் என்றார். வாய் மூன்று நோட்டுகளையும் மென்று முடிக்கும் வரை நின்று பார்த்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை வருகைப்பதிவில் சகாயராணியின் குரல்கள் எதுவும் வந்திருக்கவில்லை, மாமியார்கூட. நீதிபதி ரஹ்மத்துன்னிசா அவளைப் பார்த்துப் புன்னகைத்தபடி திரையைத் தொட்டார். புன்னகை நின்றது. திரையின் தலைப்பில் வழக்கு எண் இருந்தது. அதற்குக் கீழே சிவப்பில் ஓர் எண்.

“எண்பத்தெட்டு,” என்றார் நீதிபதி. “டாக்டர், இது என்ன? போன வாரம் பதினொண்ணு இல்லையா?”

இளவழுதி எழுந்து தன் முன்னிருந்த திரையைப் பார்த்தார். முகம் மாறியது. “நேத்து ஒரு நாட்பதிவு வந்திருக்கு. முந்நூத்தி நாப்பது பக்கம். எனக்கே தெரியாது. இத்தனை நாளா மறைச்சு எழுதியிருப்பாங்கபோல.”

“வாசிங்க.”

“‘காலை 6.10. குப்பைப் பை ஒன்று. நேற்று இரண்டு. இன்னொன்று எங்கே?’” இளவழுதி பக்கத்தைத் தள்ளினார். “‘பிற்பகல் 1.15. குழாயில் இரண்டு முறை தண்ணீர் பிடித்தாள். குடித்ததைப் பார்க்கவில்லை.’ ‘மாலை 4.25. சிறுமி சிரிக்கிறாள். சிரிப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது?’ ‘இன்று வீட்டில் இல்லை. இல்லாத நாட்களில்தான் அதிகக் கவனம் தேவை.’”

பின்வரிசைக்காரர்களுக்கு அந்த நடை பழக்கமானது. அவர்களில் பலர் அப்படி எழுதிய காலம் ஒன்று உண்டு. சிலர் இரக்கத்தோடு சகாயராணியைப் பார்த்தார்கள்.

“நீங்க எழுதினதாம்மா?” என்றார் நீதிபதி.

“இல்லம்மா.”

“ஒங்க வழக்கு எண் போட்டிருக்கே.”

இரண்டாவது வரி படிக்கப்பட்டபோதே சகாயராணிக்குப் புரிந்துவிட்டது. அந்தக் குழாய் அவள் வீட்டுக் குழாய். அந்தச் சிரிப்பு ஜெனிட்டாவின் சிரிப்பு. எல்லாம் வெளியிலிருந்து, பதினான்கு மீட்டர் தூரத்திலிருந்து பார்க்கப்பட்டவை. எதிர்வீட்டு அண்ணாச்சி என்னை எழுதிவைத்திருக்கிறார் என்று அவள் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொல்லித்தான் ஒருமுறை நாற்பத்தோரு வாரத்தை இழந்திருந்தாள். சொன்னால் அறிகுறி. சொல்லாவிட்டால் எண்பத்தெட்டு. பார்வையாளர் வரிசையில் ஜெனிட்டா இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“‘பிற்பகல் 3.40,’” என்று இளவழுதி தொடர்ந்தார். “‘ஜன்னலருகே நின்று என்னைப் பார்த்தாள். நான் பார்ப்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் தெரியாததுபோல் நடிக்கிறாள்.’ இது முற்றின நிலை அம்மா. ஒரே ஆளச் சுத்திக் கட்டின சந்தேகம். பாக்குற எல்லாமே ஆதாரமாயிடும். எழுதினவங்கள வெளிய விடறது நல்லதில்ல.”

“அம்மா,” என்று பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. பொன்னுலிங்கம் எழுந்து நின்றார். தன் பதிவு வேறொருவர் பெயரில் வாசிக்கப்படுவதை அவரால் பொறுக்க முடியவில்லை. “அது நான் எழுதுனது. அடியில குடிமை எண் இருக்கும், பாருங்க.”

நீதிபதி திரையை அடி வரை தள்ளினார். பிறகு இளவழுதி தள்ளினார். ஆவுடையப்பன் கூரையைப் பார்த்தார்.

“நீங்க யாரு?”

“பொன்னுலிங்கம். குடியிருப்போர் சங்கச் செயலாளர். ஆட்சேபணைக்கு ஆதாரம் அது. ஒரு வரிகூடப் பொய் கெடையாது.”

“நாட்பதிவு வாயில யாரு போடச் சொன்னா?”

ஆவுடையப்பன் இன்னும் கூரையைவிட்டு இறங்கவில்லை.

அதற்குள் தெளிவி தன் வேலையைச் செய்துவிட்டிருந்தது. ஐய அளவு எழுபதைத் தாண்டினால் எழுதியவரை எழுபத்திரண்டு மணி நேரம் நலமனையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. எழுதியவர் யார் என்பது இப்போது மன்றத்தில் வைத்தே உறுதியாகிவிட்டது. நீதிமன்றச் சேவகரான டவாலியின் இடுப்பிலிருந்த கருவி ஒலித்தது. அவர் போய்ப் பொன்னுலிங்கத்தின் அருகில் மரியாதையாக நின்றார்.

“என்னது இது? எனக்கு ஒண்ணும் இல்லய்யா.”

“ஆமா அண்ணாச்சி,” என்றார் டவாலி.

“நான் எழுதுனது அத்தனையும் கண்ணால பாத்தது. அவ என்ன செஞ்சான்னு ஒங்களுக்குத் தெரியும்லா. எம் பொண்டாட்டி…” முன்வரிசை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். “ஒருத்தராவது பாத்துக்கிட்டு இருக்கணும்லா.”

“மொத நாள் எல்லாரும் அப்பிடித்தான் அண்ணாச்சி சொல்லுவோம்,” என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் ஆறுதலாகச் சொன்னான். “போகப் போகப் பழகிரும். சாப்பாடு பரவாயில்ல.”

மன்றம் சிரித்தது. இளவழுதி அந்தச் சிரிப்பில் சேரவில்லை. அவர் பழைய கோப்பொன்றைத் திறந்து, தேதியைப் பார்த்து, நோட்டின் தொடக்கத்துக்குப் போய் மறுபடியும் தேதியைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“அம்மா, ஒண்ணு சொல்லணும். பதிமூணு மாசத்துக்கு முன்னால சகாயராணி எங்கிட்ட ஒண்ணு சொன்னாங்க. எதிர்வீட்டுக்காரர் தன்னை எழுதிவைக்கிறார்னு. அதுக்குத்தான் நாப்பத்தோரு வாரத்த அழிச்சோம். அன்னைக்கு இந்த நோட்டு ஏற்கெனவே முப்பது பக்கம் ஓடியிருக்கு.”

நீதிபதி தெளிவியிடம், அந்தப் பழைய முடிவை மறுபரிசீலனை செய்யச் சொன்னார். தெளிவிக்கு இரண்டு நொடி தேவைப்பட்டது. அச்சில் வருவதுபோன்ற தமிழில் அது பேசியது:

“நோயாளி கூறியது உண்மை. கூறிய வேளையில் அவரிடம் ஆதாரம் இல்லை. ஆதாரமின்றி உண்மையைக் கூறுவதும் அறிகுறியே. முடிவில் மாற்றம் இல்லை. தற்போது அந்த எண்ணம் நோயாளிக்கு உள்ளதா என்று அறியவும். உள்ளது எனில் இது தெளிவாரம் ஆகாது.”

“மருத்துவப்படி அது சொல்றது தப்பில்ல,” என்று இளவழுதி முணுமுணுத்தார். யாரும் கேட்காமலே சொன்னார்.

ரஹ்மத்துன்னிசா பதினொரு ஆண்டுகளாக அந்த நாற்காலியில் இருப்பவர். விதி கேட்கச் சொல்லும் கேள்வியைக் கேட்காமல் இருக்க அவருக்கு அதிகாரம் இல்லை. பதில் எதுவாக இருக்க வேண்டும் என்பதைக் கண்ணால் சொல்லலாம், அவ்வளவுதான். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டே கேட்டார்.

“சகாயராணி, உங்களை யாராவது கண்காணிக்கிறதா நீங்க நினைக்கிறீங்களா?”

மூன்று நோட்டுகளின் முந்நூற்று நாற்பது பக்கங்கள் திரையில் விரிந்து கிடந்தன. அவற்றை எழுதியவர் ஐந்தடி தள்ளி நின்றிருந்தார். கேள்வி காதில் விழுந்ததும் அவருடைய கை பழக்கத்தால் சட்டைப் பைக்குப் போய்ப் பேனாவை எடுத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, உள்ளங்கையில் 11.42 என்று குறித்தது. சகாயராணி அதைப் பார்த்தாள். நீதிபதியும் மருத்துவரும் டவாலியும் பார்த்தார்கள்.

“இல்லம்மா,” என்றாள் சகாயராணி. “என்னய யாரும் பாக்கல.”

தட்டான் தட்டவில்லை. அதற்குப் பொய்யைப் பற்றி எதுவும் தெரியாது.

“ஐம்பத்திரண்டாவது தெளிவாரம்,” என்று ஆவுடையப்பன் எழுதினார். ஆனால் நீதிபதி கையை உயர்த்தி நிறுத்தினார். பொன்னுலிங்கத்தின் விஷயம் பாக்கி இருந்தது. குற்றம் சாட்டப்படாத ஒருவரை, ‘பொறுப்புள்ள குடிமகனின் அக்கறை’ என்ற பிரிவில் நீதிபதி விடுவிக்கலாம். அதற்கும் ஒரு கேள்வி உண்டு.

“நீங்க யாரையாவது கண்காணிக்கிறீங்களா?”

பொன்னுலிங்கம் வாயைத் திறந்தார். முப்பத்தோரு ஆண்டுகளில் கப்பல் கப்பலாகப் பொய் அறிவிப்புகளைக் கேட்டவர் அவர். ஒரு பொய் அறிவிப்பு அப்போதுதான் அவர் கண்ணெதிரே பதிவாகியிருந்தது. ஆமாம், பார்க்கிறேன் என்று அவர் சொன்னால், சகாயராணியின் ‘இல்லை’ அந்த நொடியிலேயே பொய்யாகிவிடும். அவள் கீழ்த்தளத்துக்குப் போவாள். அதற்காகத்தான் பதினான்கு மாதம் ஜன்னலருகே உட்கார்ந்திருந்தார். ஆனால் அதே ‘ஆமாம்’ அவரையும் கீழ்த்தளத்துக்கு அனுப்பும். டவாலி கொட்டாவியை அடக்கிக்கொண்டு, அவர் தோளுக்குப் பக்கத்தில் கையைத் தயாராக வைத்திருந்தார்.

அவர் சகாயராணியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளை மன்னித்துவிட்டார் என்று எழுத இடமில்லை. அவர் பயந்தார்.

“இல்லம்மா,” என்றார் பொன்னுலிங்கம், உள்ளங்கையை மூடிக்கொண்டு. “நான் யாரயும் பாக்கல.”

பொன்னுலிங்கத்தை விடுவிக்க நீதிமன்றத்துக்கு நான்கு நிமிடம் ஆயிற்று. இருவருடைய சான்றிதழ்களிலும் தெளிவி ஒரே வாக்கியத்தை அச்சிட்டது: “புறநிலை உண்மையோடு முழுத் தொடர்பில் உள்ளார்.”

அன்று மாலை ஐந்தே காலுக்கு, லிஃப்ட் பதினான்காம் மாடியில் நிற்கும் முன்பே, சங்கத்தின் செய்திக்குழுவில் “வந்துட்டா” என்று ஒரு வரி வந்தது. பிறகு அரைமணி நேரத்துக்குப் படங்கள் வந்தன. கதவுக்கு மேலே பொருத்திய கேமராக்களின் படங்கள். சகாயராணி கதவைத் திறக்கிறாள். ஜெனிட்டா பெட்டியைத் தூக்குகிறாள். ஆனால் இரவுச் சாப்பாட்டுக்குள் குழு அவளை மறந்துவிட்டது. நீதிமன்றப் பதிவேட்டிலிருந்து யாரோ எடுத்துப் போட்ட ஓர் எண் அதைவிடச் சுவையாக இருந்தது.

“எண்பத்தெட்டாம்ல அண்ணாச்சிக்கு?”

“விடுதலை பண்ணிட்டாங்களே.”

“வேண்டியவங்கள விடத்தான் செய்வாங்க. அளவு அளவுதான?”

“பக்கத்து வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்கு. நாம ஒரு கண்ணு வச்சிக்கிறது நல்லது. அவர் நல்லதுக்குத்தான்.”

ஞாயிற்றுக்கிழமை செயற்குழு கூடியது. பொன்னுலிங்கத்துக்குப் பொன்னாடை போர்த்தி, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, செயலாளர் பொறுப்பிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள். பதினைந்தாம் மாடி வில்சன் புதிய செயலாளரானார். பொறுப்பேற்றதும் கரைக் கடையிலிருந்து தடித்த நோட்டு ஒன்றை வரவழைத்தார்.

பதினொரு நாள் கழித்து ஒரு காலைவேளையில், பதினான்காம் மாடிக் குப்பைக் குழாயருகே சகாயராணி பையோடு வந்தபோது, அங்கே பொன்னுலிங்கம் நின்றிருந்தார். அவர் கையிலும் ஒரு பை. நீதிமன்றத்துக்குப் பின் இருவரும் பேசிக்கொண்டதில்லை. அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளிலும் பேசியதில்லை. அவள் அவரைக் கடந்துபோய்ப் பையைப் போட்டாள். அவர் நகரவில்லை.

“ஒங்கிட்ட ஒண்ணு கேக்கணும்,” என்றார்.

அவள் நின்றாள்.

“நான் ஜன்னலத் தொறந்தா மேல வில்சன் வீட்டுத் திரை அசையுது. மூடுனா நிக்கி. இந்தக் குழாய்ப் பக்கம் வந்தாலும் அசையுது.” அவர் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். “எனக்கு மட்டுந்தான் அப்பிடித் தோணுதா?”

“எத்தன நாளா?”

“ஒம்பது நாளா.”

“எழுதி வச்சிருக்கியளா?”

பொன்னுலிங்கம் சட்டைப் பையைத் தொட்டார். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

“எழுதாதிய,” என்றாள் சகாயராணி. “யார்ட்டயும் சொல்லவும் செய்யாதிய. டாக்டர்ட்ட அறவே சொல்லிராதிய. யாராவது கேட்டா நல்ல காத்துன்னு சொல்லுங்க.”

“அப்ப, பாக்கானா இல்லயா?”

அவள் வலது காதுக்குப் பின்னால் விரலை வைத்துப் பார்த்தாள். அங்கே சலனம் இல்லை. அவர் கேட்டது நிஜக் குரலில்தான். ஆனால் கேள்விக்கான பதில் அந்தக் கருவியிடம் இல்லை, ஒருபோதும் இருந்ததில்லை.

மேலே பதினைந்தாம் மாடியில் திரை அசைந்தது. அதன் பின்னால் ஒரு தலை குனிந்தது. இருவரும் அதை நன்றாகப் பார்த்தார்கள்.

“நல்ல காத்து,” என்றார் பொன்னுலிங்கம்.

“ஆமா அண்ணாச்சி,” என்றாள் சகாயராணி.